நான்காவது டவுன் முடிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிறவர்கள் ஞாயிறு முழுக்க ரசித்துவிட்டு, திங்கட்கிழமை ஒரே ஒரு விஷயத்துக்காகச் சண்டை போடுவார்கள்: கடைசி நிமிடங்களில், ஸ்கோர் நெருக்கமாக இருக்கும்போது, நான்காவது டவுனில் கோச் எடுத்த முடிவு. அந்தச் சண்டைகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் இங்கே இருக்கின்றன. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்காவது டவுனில் நாம் திட்டுகிற தவறு பெரும்பாலும் மூன்றாவது டவுனிலேயே நடந்து முடிந்திருக்கும்.

எனக்கு ஆட்டமே புதிது. நான்காவது டவுன் என்றால் என்ன?

பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றும் ஒரு டவுன். 10 யார்டு கடந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து நான்கு வாய்ப்பு கிடைக்கும். கடக்காவிட்டால் நின்ற இடத்திலேயே பந்து எதிரணிக்குப் போய்விடும்.

மூன்று முறை முயன்றும் கிடைக்கவில்லை என்றால் கோச்சுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பந்தை உதைத்துத் தூர அனுப்பலாம், இது பண்ட். எதிரணி சுமார் 40 யார்டு பின்னால் தொடங்க வேண்டியிருக்கும். கம்பத்துக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம்; இது ஃபீல்ட் கோல். பந்து இருக்கும் கோட்டோடு ஏறக்குறைய 18 யார்டு கூட்டினால் உதைக்க வேண்டிய தூரம் வந்துவிடும். இரண்டும் வேண்டாம் என்றால் துணிந்து நான்காவது முறையும் ஆடலாம். பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் டச் டவுன், அதற்கு 6 புள்ளி. அதன்பின் உதைத்தால் கூடுதலாக 1, ஓடியோ பாஸ் செய்தோ உள்ளே போனால் 2.

ஆட்டத்துக்கு நான்கு குவார்ட்டர், இரண்டிரண்டு சேர்ந்தது ஒரு பாதி. ஒரு பாதிக்கு ஒவ்வொரு அணிக்கும் மூன்று டைம் அவுட், அதாவது கடிகாரத்தை நிறுத்தும் உரிமை. ஒவ்வொரு பாதியிலும் இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது கடிகாரம் தானாக ஒருமுறை நிற்கும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் எல்லாக் கதையிலும் இவை இருக்கும்.

முதல் குவார்ட்டரிலும்தான் நான்காவது டவுன் வருகிறது. கடைசியில் மட்டும் ஏன் இவ்வளவு ரகளை?

தொடக்கத்தில் தப்பு செய்தால் சரிசெய்ய மூன்று குவார்ட்டர் இருக்கிறது, ரசிகனும் மறந்துவிடுவான். 2015 ஜனவரியில் சியாட்டிலில் நடந்த என்எஃப்சி (என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) இறுதியாட்டத்தில், கிரீன் பே அணி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இரண்டு முறை கோல் கோட்டுக்கு ஒரு யார்டு வரை வந்தும் ஃபீல்ட் கோலோடு திருப்திப்பட்டது. ஓவர்டைமில் 28-22 என்று தோற்றது. அந்த இரண்டு உதைகளையும் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. கடைசியில் நடந்த குளறுபடிகளைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

கடைசி ஐந்து நிமிடங்களில் இன்னொன்றும் மாறுகிறது. அதுவரை புள்ளி சேர்ப்பதுதான் வேலை. அதன்பின் எதிரணிக்கு எத்தனை முறை பந்து கிடைக்கும், கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் என்பதே கணக்கு. 3 புள்ளி முன்னிலையை 6 ஆக்குவது பெரிய விஷயம் போலத் தெரியும். ஆனால் 3 பின்தங்கிய அணி ஃபீல்ட் கோல் தூரம் வந்ததும் சமன் செய்தால் போதும் என்று நின்றுவிட வாய்ப்பு உண்டு. 6 பின்தங்கிய அணிக்கு அந்த ஆசையே இல்லை. நான்கு டவுனையும் ஆடி டச் டவுன் போட்டே ஆக வேண்டும். போட்டுவிட்டால் கூடுதல் புள்ளியோடு ஜெயித்தும் விடும். 2013 செப்டம்பரில் பஃபலோவில் கரோலைனாவுக்கு நடந்தது இதுதான். எதிரணியின் 21 யார்டு கோட்டில் (அவர்களுடைய கோல் கோட்டிலிருந்து 21 யார்டு தூரம்) நான்காவது டவுன், வேண்டியது ஒரு யார்டு. கரோலைனா கோச் ரான் ரிவேரா ஃபீல்ட் கோல் எடுத்து 23-17 ஆக்கினார். பஃபலோ 2 நொடி மிச்சம் வைத்து டச் டவுன் போட்டு 24-23 என்று ஜெயித்தது. அந்த சீசனின் மிச்ச ஆட்டங்களில் ரிவேரா ஆளே மாறிப்போனார். நான்காவது டவுனில் துணிந்து ஆட ஆரம்பித்தார், அணி 12-4 (12 வெற்றி, 4 தோல்வி) என்று முடித்தது, அவருக்கு அந்த ஆண்டின் சிறந்த கோச் விருதும் கிடைத்தது. ஆற்றுப்படகில் சூதாடுகிறவர் என்று பொருள்பட ‘ரிவர்போட் ரான்’ என்று பட்டப்பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது.

2009-இல் நியூ இங்கிலாந்து கோச் பெலிசிக் செய்தது முட்டாள்தனம்தானே?

இந்தக் கேள்வி வராத வருடம் இல்லை. நவம்பர் 15, 2009. இண்டியானாபொலிஸ். நியூ இங்கிலாந்து 34-28 என்று முன்னிலை, 2 நிமிடம் 8 நொடி மிச்சம். பந்து தன் சொந்த 28 யார்டு கோட்டில். நான்காவது டவுன், வேண்டியது 2 யார்டு. உலகமே பண்ட் என்று நினைத்துக்கொண்டிருக்க, பில் பெலிசிக் தன் குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்திப் பாஸ் வீசுகிறவர்) டாம் பிரேடியை உள்ளேயே நிறுத்தினார். பிரேடி கெவின் ஃபாக்குக்குப் பாஸ் கொடுத்தார். மெல்வின் புல்லிட் அவரை அப்படியே மடக்கிவிட்டார், கோட்டைத் தாண்டவில்லை என்று நடுவர் சொல்லிவிட்டார். வெறும் 29 யார்டு போனால் போதும் என்ற நிலையில் இண்டியானாபொலிஸ் குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங்கிடம் பந்து. 13 நொடி இருக்கும்போது ரெஜி வேனுக்கு டச் டவுன். 35-34.

இப்போது கணக்கைப் பார்ப்போம். அன்றைக்கு விவாதத்தில் அடிபட்ட எண்களையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு யார்டு எடுக்க 60 சதவீத வாய்ப்பு. எடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்த மாதிரிதான். எடுக்காவிட்டால், மேனிங் அந்தத் தூரத்திலிருந்து டச் டவுன் போட 53 சதவீதம். ஆக நியூ இங்கிலாந்து ஜெயிக்க 60-உடன், மிச்சமுள்ள 40-இல் 47 சதவீதம். மொத்தம் 79 பக்கம். பண்ட் செய்தால் இண்டியானாபொலிஸ் தன் 34 யார்டு கோட்டுப் பக்கம் தொடங்கும். சராசரி அணி அங்கிருந்து டச் டவுன் போட 30 சதவீதம் என்றால், நியூ இங்கிலாந்து ஜெயிக்க 70.

79-க்கும் 70-க்கும் இடையில் 9. எண்களில் சிலவற்றை எனக்குப் பிடித்த மாதிரி கூட்டிக் குறைத்தாலும், இரண்டு யார்டு எடுக்கும் வாய்ப்பு 43 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பண்ட் மேலாகிறது. பிரேடி கையில் பந்து இருக்கும்போது அவ்வளவு கீழே போகாது. அதோடு மேனிங் சராசரி குவார்ட்டர்பேக் இல்லை. நான்காவது குவார்ட்டரில் 31-14 என்று 17 புள்ளி பின்தங்கிக் கிடந்த அணியை அந்த நிலைக்குக் கொண்டு வந்திருந்தவர். எந்த இடத்திலிருந்து தொடங்கினாலும் அவரைத் தடுக்க முடியாது என்று பெலிசிக் நினைத்திருந்தால், அது நியாயமான பயம்.

அப்படியானால் தவறே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். மூன்றாவது டவுனிலும் 2 யார்டுதான் வேண்டியிருந்தது. அப்போது பாஸ் செய்தார்கள், பந்து கைக்குச் சேரவில்லை, கடிகாரம் நின்றது. நான்காவது டவுனிலும் ஆடத்தான் போகிறோம் என்று முன்பே தீர்மானித்திருந்தால், மூன்றாவதில் ஓடியிருக்கலாம். ஒரு யார்டு கிடைத்திருக்கும், கடிகாரமும் ஓடியிருக்கும். இல்லையென்றால் எதிரணி டைம் அவுட்டைச் செலவழித்திருக்க வேண்டும். போதாததற்கு நியூ இங்கிலாந்து தன் டைம் அவுட்டுகளை அதற்குள் தீர்த்துவிட்டது. டைம் அவுட் இல்லாததால், ஃபாக் பந்தைப் பிடித்த இடத்தைப் பற்றி மறுபரிசீலனை கேட்கவும் வழியில்லாமல் போனது. இதைத்தான் நான் பெலிசிக் கணக்கில் பற்று வைப்பேன். அந்த நான்காவது டவுனை இல்லை.

அப்படியானால் உங்கள் பார்வையில் மிக மோசமான முடிவு எது?

ஜனவரி 24, 2021. லாம்போ மைதானம், என்எஃப்சி இறுதியாட்டம். ஜெயித்தால் சூப்பர் பௌல், அதாவது கோப்பைக்கான ஆட்டம். கிரீன் பே 31-23 என்று டாம்பா பேயிடம் 8 புள்ளி பின்னால். எதிரணியின் 8 யார்டு கோட்டில் நான்காவது டவுன். 2 நிமிடத்துக்குச் சற்று அதிகம் மிச்சம். கையில் மூன்று டைம் அவுட். குவார்ட்டர்பேக் யார்? அந்த சீசனின் மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கவிருந்த ஆரன் ராட்ஜர்ஸ்.

கிரீன் பே கோச் மேட் லஃப்ளோர் ஃபீல்ட் கோல் எடுத்தார். மேசன் கிராஸ்பி 26 யார்டிலிருந்து உதைத்தார், 31-26. அதன்பின் ராட்ஜர்ஸ் பந்தைத் தொடவே இல்லை. எதிரே, அப்போது டாம்பா பேக்கு மாறியிருந்த டாம் பிரேடி. மூன்றாவது டவுனில் கெவின் கிங் ஜெர்சியைப் பிடித்து இழுத்ததற்கு பெனால்டி, புதிய நான்கு டவுன், ஆட்டம் முடிந்தது. இரண்டு வாரம் கழித்து டாம்பா பே கோப்பையையும் வாங்கிவிட்டது.

லஃப்ளோர் பக்கமும் வாதம் இருக்கிறது, அதை ஒதுக்க மாட்டேன். 8 யார்டு என்பது நீண்ட தூரம். டச் டவுன் போட்டாலும் சமன் செய்ய 2 புள்ளி முயற்சி பலிக்க வேண்டும், அதற்குப் பாதிக்கும் சற்றுக் குறைந்த வாய்ப்புதான். அதுவும் பலித்தால் சமன் மட்டுமே, வெற்றி இல்லை. எல்லாம் சரி. ஆனால் ஃபீல்ட் கோலுக்குப் பிறகு என்ன வேண்டும்? பிரேடியை நிறுத்த வேண்டும், பந்தைத் திரும்பப் பெற்று மைதானம் முழுக்க ஓடி டச் டவுன் போட வேண்டும். துணிந்து ஆடித் தோற்றிருந்தால் என்ன வேண்டும்? அதே பிரேடியை நிறுத்த வேண்டும். வித்தியாசம், பிரேடி தன் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருப்பார். அங்கிருந்து பண்ட் வந்தால் கிரீன் பேக்குப் பாதித் தூரம் மிச்சம். அதாவது, முயன்று தோற்றாலும் ஃபீல்ட் கோலைவிட ரொம்ப மோசமான நிலை இல்லை. பலித்திருந்தால் ஆட்டமே வேறு. 3 புள்ளி எடுத்தும், அவர்களுக்கு வேண்டியது ஒரு டச் டவுன் என்பது மாறவே இல்லை.

கிரிக்கெட்டில் ரன் ரேட் 14-ஐத் தாண்டிய பிறகும் ஒற்றை ரன்னாகத் தட்டிக்கொண்டு ஆட்டத்தைக் கடைசி ஓவர் வரை இழுப்பார்களே, அதே புத்திதான். தோல்வி ஐந்து நிமிடம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

இங்கேயும் மூன்றாவது டவுனைப் பாருங்கள். வலப்பக்கம் ராட்ஜர்ஸுக்கு முன்னால் ஓட இடம் இருந்தது. டவான்ட்டே ஆடம்ஸுக்கு வீசினார், சேரவில்லை. ஓடியிருந்தால் கோட்டைத் தொட்டிருப்பாரோ இல்லையோ, 2 அல்லது 3 யார்டு அருகில் நான்காவது டவுன் வந்திருக்கும், லஃப்ளோருக்கு யோசனையே தேவைப்பட்டிருக்காது. நான்காவதும் ஆடப்போகிறோம் என்று ராட்ஜர்ஸ் நினைத்துக்கொண்டிருந்தார். ஃபீல்ட் கோல் தன் முடிவு இல்லை என்று ஆட்டம் முடிந்ததும் சொல்லவும் செய்தார். கோச்சும் குவார்ட்டர்பேக்கும் மூன்றாவது டவுனுக்கு முன்னால் பேசிக்கொள்ளவில்லை என்பதைவிடப் பெரிய குற்றச்சாட்டு வேண்டுமா?

டென்வர் கோச்சாக இருந்த ஹாக்கெட்டின் 64 யார்டு உதையை மறந்துவிட்டீர்களே?

மறக்கவில்லை, அது தனி ரகம். செப்டம்பர் 12, 2022. ரஸ்ஸல் வில்சன் டென்வருக்குப் போன பிறகு முதல் ஆட்டம், அதுவும் பழைய அணியான சியாட்டிலின் மண்ணில். டென்வர் 17-16 என்று ஒரு புள்ளி பின்னால். எதிரணியின் 46 யார்டு கோட்டில் நான்காவது டவுன், வேண்டியது 5. சுமார் ஒரு நிமிடம் இருக்கிறது, மூன்று டைம் அவுட்டும் பத்திரமாக இருக்கின்றன. வில்சனுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு மை காயவில்லை.

நத்தானியல் ஹாக்கெட் கடிகாரத்தை ஓடவிட்டார். ஓடியது, ஓடியது. 20 நொடியில் டைம் அவுட் கேட்டு, பிராண்டன் மெக்மேனஸை 64 யார்டு உதைக்கு அனுப்பினார். அதுவரை என்எஃப்எல் வரலாற்றிலேயே மிக நீண்ட ஃபீல்ட் கோல் 66 யார்டு. 2021-இல் டெட்ராய்ட்டில் ஜஸ்டின் டக்கர் போட்டது. மெக்மேனஸ் உதை இடப்பக்கம் விலகிப் போனது.

இதற்குக் கணக்குப் போட்டு வாதாட வேண்டியதே இல்லை. ஆனால் அது எப்படி நடந்தது என்பதுதான் சுவாரசியம். 46 யார்டு கோட்டை எட்டினால் உதைக்கலாம் என்று முன்கூட்டியே குறித்து வைத்திருந்தார்கள். மூன்றாவது டவுனில் 14 வேண்டியிருந்தது, 9 கிடைத்தது, பந்து சரியாக அந்தக் கோட்டில் வந்து நின்றது. குறித்த கோடு வந்துவிட்டது, ஆகவே உதைப்போம். ‘உதைக்க முடிகிற தூரம்’ வேறு, ‘உதைக்க வேண்டிய தூரம்’ வேறு என்று யோசிக்க மூன்று டைம் அவுட் கையில் இருந்தது! பிறகு ஆட்ட நிர்வாகத்துக்கு உதவ ஜெர்ரி ராஸ்பர்க் என்ற அனுபவஸ்தரைச் சேர்த்தார்கள். டிசம்பர் 26 அன்று, 4-11 என்ற நிலையில், ஹாக்கெட்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த சீசனின் கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு இடைக்கால கோச் யார் தெரியுமா? அதே ராஸ்பர்க்.

கோச் டான் கேம்பல் துணிந்து துணிந்தே தன் அணி டெட்ராய்ட்டைத் தோற்கடித்தார் என்கிறார்களே?

ஜனவரி 28, 2024, சாண்டா கிளாரா. டெட்ராய்ட் பாதி ஆட்டத்தில் 24-7 முன்னிலை. சூப்பர் பௌலையே பார்த்திராத அணி. மூன்றாவது குவார்ட்டரில், 24-10 என்று இருக்கும்போது, எதிரணியின் 28-இல் நான்காவது டவுன், 2 வேண்டும். கேம்பல் உதைக்கவில்லை. ஜாஷ் ரெனால்ட்ஸ் கைக்கு வந்த பாஸைத் தவறவிட்டார். பிறகு நான்காவது குவார்ட்டரில் 27-24 என்று பின்தங்கிவிட்ட நிலையில், 30-இல் நான்காவது டவுன், 3 வேண்டும். மறுபடியும் உதைக்கவில்லை, மறுபடியும் பலிக்கவில்லை. 34-31 தோல்வி. கணக்குப் பிள்ளைகளுக்குக்கூட 3 புள்ளி வித்தியாசம் கண்ணில் குத்தும்.

இரண்டுமே 46, 48 யார்டு உதைகள், நிச்சயமில்லாதவை. இரண்டு முடிவுகளும் தராசு முள் அங்குமிங்கும் ஆடுகிற ரகம். என்னைக் கேட்டால் முதலாவதில் ஆடியிருப்பேன், இரண்டாவதில் உதைத்திருப்பேன். மாற்றிச் சொல்கிறவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன். அந்த சீசன் முழுக்க இப்படி ஆடித்தான் கேம்பல் அங்கே வந்து சேர்ந்தார். ரெனால்ட்ஸ் பிடித்திருந்தால் ‘தைரியசாலி’ என்று எழுதியிருப்பார்கள்.

யாரும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. 34-24 என்று பின்தங்கி, ஒரு நிமிடம்தான் மிச்சம் என்ற நேரத்தில், கோல் கோட்டுக்கு ஒரு யார்டில் மூன்றாவது டவுன். டேவிட் மான்ட்கோமரியிடம் பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னார்கள். அவரை மடக்கினார்கள், கடிகாரத்தை நிறுத்த ஒரு டைம் அவுட் போனது. அடுத்த டவுனில் டச் டவுன் வந்தும், எதிரணியைத் தடுத்துப் பந்தைத் திரும்பப் பெறும் வழி அடைபட்டுவிட்டது. அதிர்ஷ்டத்தை நம்பி ஆன்சைட் கிக் (தானே திரும்பப் பிடிக்கும் நோக்கில் போடும் குட்டை உதை) போட வேண்டிய நிலை. அங்கே பாஸ் செய்திருந்தால், பிடித்தால் டச் டவுன், விட்டால் கடிகாரம் தானாக நிற்கும். அந்த ஓட்டத்துக்கு எந்தக் கணக்கிலும் நியாயம் கிடைக்காது.

எப்படிப் பார்த்தாலும் பண்ட் பாதுகாப்பானதுதானே?

2015 அக்டோபர் 17 அன்று மிஷிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். கல்லூரி ஆட்டம். மிஷிகன் 23-21 முன்னிலை, 10 நொடி மிச்சம், எதிரணி பக்கத்தில் நான்காவது டவுன், 2 வேண்டும். ஜிம் ஹார்பா பண்ட் செய்யச் சொன்னார். தாழ்வாக வந்த பந்தை பிளேக் ஓ'நீல் தவறவிட்டார், தடுமாறி உதைக்கப் பார்த்தார், பந்து காற்றில் எழும்பி மிஷிகன் ஸ்டேட் வீரர் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் கையில் விழுந்தது. அவர் ஓடி எண்ட் ஸோனை (கோல் கோட்டுக்கு அப்பால் இருக்கும் பகுதி) தொட்டபோது கடிகாரத்தில் பூஜ்ஜியம். 27-23. அந்தப் பாய்ச்சலில் அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது வேறு கதை.

இது நூறில் ஒன்று என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். சாதாரணமாக நடக்கிற பாதிப்பு சத்தமில்லாதது. 2021 ஜனவரியில் டென்னசி, பால்டிமோரிடம் 17-13 என்று பின்தங்கியிருந்தது. எதிரணியின் 40-இல் நான்காவது டவுன், 2 வேண்டும், சுமார் 10 நிமிடம் மிச்சம். அந்த சீசனில் 2,027 யார்டு ஓடிய டெரிக் ஹென்றி அணியில் இருக்கிறார். மைக் வ்ரேபல் பண்ட் செய்தார். ஹென்றியை அன்றைக்கு 40 யார்டுக்குள் அடக்கி வைத்திருந்தார்கள் என்பதால் தயக்கம் புரிகிறது. ஆனால் அந்த உதையில் கிடைத்த நிகர லாபம் 25 யார்டு. பால்டிமோர் நேரத்தைத் தின்றுவிட்டு ஒரு ஃபீல்ட் கோலும் எடுத்தது. 20-13. பின்தங்கியிருக்கிற அணி, எதிரணி பக்கத்தில் நின்றுகொண்டு, 2 யார்டுக்குப் பயந்து பந்தைக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது.

துணிந்து ஆடி ஜெயித்த கதை ஒன்றாவது சொல்லுங்கள்.

சூப்பர் பௌல் 52, பிப்ரவரி 4, 2018, மினியாபொலிஸ். எல்லோரும் பேசுவது குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸே பாஸைப் பிடித்த அந்தத் தந்திர ஆட்டம். அது முதல் பாதியின் முடிவில் வந்தது. எனக்குப் பிடித்தது வேறு. நியூ இங்கிலாந்து 33-32 முன்னிலை, 5 நிமிடம் 39 நொடி மிச்சம். ஃபிலடெல்ஃபியா தன் சொந்த 45-இல், நான்காவது டவுன், ஒரு யார்டு. டக் பீடர்சன் யோசிக்கவே இல்லை. ஸாக் அர்ட்ஸுக்குச் சின்ன பாஸ், டவுன் கிடைத்தது, அதே தொடரில் அர்ட்ஸே டச் டவுனும் போட்டார். 41-33. எதிரே 505 யார்டு வீசிய பிரேடி. அன்று நியூ இங்கிலாந்து ஒரு முறைகூட பண்ட் செய்யவில்லை. அவரிடம் போய் பந்தைக் கொடுத்துவிட்டு, தடுத்துக்கொள்வோம் என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்?

இன்னொன்று 2021 செப்டம்பரில். பால்டிமோர் 36-35 என்று கேன்சஸ் சிட்டியை முந்தியிருந்தது. சொந்த 43-இல் நான்காவது டவுன், ஒரு யார்டு, ஒரு நிமிடம் மிச்சம். ஜான் ஹார்பா (மேலே பார்த்த ஜிம்மின் அண்ணன்) லமார் ஜாக்சனைப் பார்த்து ‘ஆடலாமா?’ என்று கத்திக் கேட்டார். லமார் தலையாட்டினார், ஓடினார், முடிந்தது.

அதே ஜான் ஹார்பா ஓராண்டு கழித்து பஃபலோவுடன் 20-20 என்று இருக்கும்போது, கோல் கோட்டுக்கு 2 யார்டில் ஃபீல்ட் கோலை விட்டுவிட்டு ஆடினார். பலிக்காவிட்டால் எதிரணி தன் கோல் கோட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டும் என்பது திட்டம். ஜோர்டன் பாயர் எண்ட் ஸோனுக்குள் பந்தைப் பிடித்துவிட்டார். விதிப்படி பஃபலோ 20 யார்டு கோட்டிலிருந்து தொடங்கியது. திட்டத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. கடைசி நொடி ஃபீல்ட் கோலில் 23-20 தோல்வி. சொந்த அணி வீரர் மார்க்கஸ் பீட்டர்ஸே ஓரத்தில் நின்று கோச்சோடு சண்டை போட்டார்.

இந்தக் கணக்கெல்லாம் யார் ஆரம்பித்தது? கோச்சுகள் கேட்கிறார்களா?

1971-இலேயே வர்ஜில் கார்ட்டர் என்ற என்எஃப்எல் குவார்ட்டர்பேக், ராபர்ட் மகோல் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, மைதானத்தின் எந்த இடம் எத்தனை புள்ளிக்குச் சமம் என்று கணக்கிட்டார். 2000-களில் பெர்க்லி பொருளாதார வல்லுநர் டேவிட் ரோமர், முதல் குவார்ட்டர் ஆட்டங்களை மட்டும் எடுத்துப் பார்த்து, கோச்சுகள் தேவைக்கு மேல் உதைக்கிறார்கள் என்று காட்டினார். இன்று எல்லா அணியிலும் இதற்கென்று ஆட்கள் உண்டு.

கணினிக் கணக்கு சராசரி அணியை வைத்து வருவது. காற்றோ, காயம்பட்ட பிளாக்கரோ அதற்குத் தெரியாது. வித்தியாசம் ஒன்றிரண்டு சதவீதம் என்றால் கோச் தன் கண்ணை நம்பலாம். பத்து சதவீதம் என்றால் அட்டவணையைத்தான் நம்ப வேண்டும்.

பயம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு 1995 டிசம்பர் ஒரு சாட்சி. டாலஸ், ஃபிலடெல்ஃபியா, 17-17. டாலஸின் சொந்த 29-இல் நான்காவது டவுன், வேண்டியது ஒரு யார்டுக்கும் குறைவு. டாலஸ் கோச் பேரி ஸ்விட்சர் எம்மிட் ஸ்மித்தை ஓடச் சொன்னார், மடக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் இரண்டு நிமிடம் மிச்சம் என்று கடிகாரம் தானாக நின்றுவிட்டதால் அந்த முயற்சி செல்லாது என்றார்கள். கடவுளே கொடுத்த இரண்டாவது வாய்ப்பு. அதே ஓட்டத்தையே மறுபடி ஆடச் சொன்னார், மறுபடி மடக்கினார்கள். 20-17 தோல்வி. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. ஆனால் அந்த சீசனின் சூப்பர் பௌல் ஸ்விட்சர் கைக்குத்தான் போனது. பண்ட் செய்து தோற்ற கோச்சை இப்படி யாரும் கிழிப்பதில்லை. அங்கே உதை வாங்குவது டிஃபென்ஸ்தான்.

சமன் ஆகப்போகிற ஆட்டத்தில் ரிஸ்க் எடுப்பது சரியா?

2018 செப்டம்பர் 30. இண்டியானாபொலிஸும் ஹூஸ்டனும் ஓவர்டைமில் 34-34. 27 நொடி மிச்சம். இண்டியானாபொலிஸின் சொந்த 43-இல் நான்காவது டவுன், 4 வேண்டும். பண்ட் செய்தால் அநேகமாக சமன். இண்டியானாபொலிஸ் கோச் ஃபிராங்க் ரைக் (முன்பு பீடர்சனோடு சேர்ந்து அந்த சூப்பர் பௌலை ஜெயித்த உதவி கோச்) ஆடினார். ஆண்ட்ரூ லக்கின் பாஸ் தரையில் விழுந்தது. ஹூஸ்டன் ஒரே பாஸில் 24 யார்டு போய், 37 யார்டு ஃபீல்ட் கோலில் ஜெயித்தது. மறுபடி அதே நிலை வந்தாலும் ஆடுவேன் என்றார் ரைக்.

நான் இதை ஏற்க மாட்டேன். 4 யார்டு என்பது பாதிக்குப் பாதி. பலித்தாலும் ஃபீல்ட் கோல் தூரத்துக்கு இன்னும் போக வேண்டும். பலிக்காவிட்டால் எதிரணிக்கு ஒரே பாஸ் போதும். சீசன் முடிவில் ஹூஸ்டன் 11-5, இண்டியானாபொலிஸ் 10-6. அந்த ஒரு ஆட்டம் சமனாகி, மற்றவை அப்படியே இருந்திருந்தால், இரண்டும் 10-5-1 (கடைசி எண் சமன்). டிசம்பரில் இண்டியானாபொலிஸ் ஹூஸ்டனை 24-21 என்று தோற்கடித்திருந்ததால் டிவிஷன் (லீகில் இரண்டும் இருக்கும் சிறு குழு) முதலிடம் அவர்களுக்கே வந்திருக்கும், பிளேஆஃப் (நாக் அவுட் சுற்று) முதல் ஆட்டம் சொந்த ஊரில் நடந்திருக்கும். அதற்குப் பதிலாக ஹூஸ்டனுக்குப் பயணம் போனார்கள். போய், 21-7 என்று ஜெயித்துவிட்டு வந்தார்கள். ஆகவே ரைக்கை யாரும் திட்டவில்லை, என்னைத் தவிர.